பிரேக்கம்மாவின் வலது கால்

என் மனைவிக்கு அவளுடைய அலுவலகத்தில் பிரேக்கம்மா என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் கூப்பிட்டதில்லை; அந்தத் தைரியம் அங்கே இன்னும் ஒருவருக்கும் வரவில்லை. ஓட்டுநர் உரிமம் கொடுக்கும் அலுவலகத்தில் இருபத்தைந்து வருடமாகத் தேர்வு நடத்துகிறாள். உரிமம் வேண்டி வருகிறவர்கள் வண்டியை ஓட்டுவார்கள், இவள் பக்கத்து இருக்கையில் அமர்ந்து மதிப்பெண் போடுவாள். அந்தப் பக்கம் பிரேக் கிடையாது, காலடியில் வெறும் ரப்பர் மிதியடி விரிப்புதான். ஆனால் ஓட்டுகிறவர் ஏதோ தப்புப் பண்ணப் போகிறார் என்றால் இவளுடைய வலது கால் தானாகப் போய் அந்த மிதியடியை அமுக்கும். ஊரில் உள்ள பயிற்சிப் பள்ளி வண்டிகள் எல்லாவற்றிலும் அந்த மிதியடி ஒரே இடத்தில் தேய்ந்து ஓட்டையாகியிருக்கும்.

தேர்வு முடிந்து வண்டி நின்றதும் உடனே பேனாவை எடுக்க மாட்டாள். பத்து வினாடி குனிந்து தன் காலையே பார்ப்பாள். அந்தப் பத்து வினாடியில் ஓட்டினவருக்கு உயிர் போய் உயிர் வரும். அப்புறம் எங்கெங்கே கால் அமுங்கியது, அங்கெல்லாம் என்ன நடந்தது என்று மனதில் ஒருமுறை திரும்ப ஓட்டிப் பார்த்துவிட்டு, காரணத்தோடு எழுதுவாள். "கண்ணாடி பார்க்காமல் இடதுபுறம் ஒதுங்கினார்." "முன்னால் போன வண்டியை மட்டும் பார்த்தார், சாலையைப் பார்க்கவில்லை." இப்படித்தான் அவள் குறிப்புகள் இருக்கும். ஆணி அடித்தது மாதிரி.

"மார்க்கு நான் போடறதில்லீங்க. கால்தான் முதல்ல சொல்லுது. ஏன் சொல்லுச்சுன்னு கண்டுபிடிச்சு எழுதறதுதான் என் வேலை" என்பாள்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு வாலிபன் தேர்வுத் தாளில் குறிக்க ஒரு தப்பும் இல்லாமல் ஓட்டினான். கால் மட்டும் மூன்று தடவை அமுங்கியது. காலுக்கெல்லாம் மதிப்பெண்ணில் இடமா என்று உரிமத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டாள். ஒரு வாரத்தில் அவன் ஒரு பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவரை இடித்துக்கொண்டு வண்டியை உள்ளே விட்டான். நல்லவேளை, விடுமுறை நாள். அன்றிலிருந்து அவள் காலை மதிக்க ஆரம்பித்தாள்.

காலின் ஆட்சி வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் வாசல்படியிலேயே நின்று காலைக் கேட்பாள். மகளைச் சேர்த்த கல்லூரி, வாங்கிய குளிர்சாதனப் பெட்டி எல்லாவற்றுக்கும் கடைசிக் கையெழுத்து காலுடையதுதான். என்னைக் கட்டிக்கொண்டதும் அப்படித்தான். நான் தராசு பழுது பார்க்கிறவன். அவள் அலுவலகத்து வாசலில் லாரிகளை எடை போடும் மேடை கோளாறாகி, அதைச் சரி செய்யப் போன இடத்தில்தான் பழக்கம். ஒரு நாள் மழை. பேருந்து நிறுத்தம் வரைக்கும் என் பழைய வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். நான் என்னவோ என் பேச்சில் மயங்கிவிட்டாள் என்று இரண்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் சொன்னாள்: "பேச்சா? நீங்க பேசினது ஒண்ணும் ஞாபகம் இல்ல. வழி பூரா கால் சும்மா இருந்துச்சு. அதான்."

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்று வெளியே சொல்லிக்கொள்வேன். அளவு என்றால் எடைக்கல் வேண்டும், முள் வேண்டும், கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஆனால் அவள் கால் வேண்டாம் என்ற எதையும் நான் வாங்கியதில்லை.

போன வருடம் ஒரு காலைப் பொழுது, பக்கத்து ஊரில் வேலை செய்யும் மகளைப் பார்க்க இரண்டு பேரும் கிளம்பினோம். நான்தான் ஓட்டினேன். வழியில் ஒரு எரிபொருள் நிலையத்தைத் தாண்டியது வரை எனக்கு நினைவிருக்கிறது. அதற்கப்புறம் மருத்துவமனைக் கூரைதான். இதயத்துடிப்பு திடீரென்று குறைந்து, ஸ்டீயரிங்கில் கையை வைத்தபடியே மயங்கிச் சாய்ந்திருக்கிறேன். வண்டி தன் பாட்டுக்குப் போயிருக்கிறது. இவள் ஒரு கையால் ஸ்டீயரிங்கை இழுத்து, இன்னொரு கையால் ஹேண்ட் பிரேக்கைப் பிடுங்கி, வண்டியை ஒரு மணல் குவியலில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறாள். எதிரே வந்த பேருந்துக்கும் எங்களுக்கும் இடையே இரண்டு ஆள் இடைவெளிதானாம். இதை இவள் எனக்குச் சொல்லவில்லை. போலீஸ்காரர் சொன்னார்.

நெஞ்சுத் தோலுக்கடியில் துடிப்பைக் கவனித்துக்கொள்ள ஒரு சின்ன கருவி வைத்தார்கள். ஆறு மாதம் வண்டியைத் தொடக்கூடாது என்றார்கள். இவள் இரண்டு வாரம் விடுப்பு எடுத்து என்னைப் பார்த்துக்கொண்டாள், பிறகு வேலைக்குத் திரும்பினாள். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்றுதான் நினைத்தோம். சாப்பிட்டாள், தூங்கினாள், என்னைத் திட்டினாள். வேறென்ன வேண்டும்?

புதன்கிழமை தோறும் மருத்துவமனையிலிருந்து ஒரு நர்ஸ் வீட்டுக்கு வந்து ரத்த அழுத்தமும் துடிப்பும் பார்த்துவிட்டுப் போவாள். முப்பது வயது இருக்கும். கலகலப்பான பெண், வந்த முதல் நாளே என்னை அப்பா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். என் மனைவி அலுவலகத்தில் இருக்கும் நேரத்தில்தான் அந்தப் பெண் வருவாள் என்பதால் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டதே இல்லை. ஒரு புதன்கிழமை ஒன்றரை மணி நேரம் தாமதமாக, வேர்த்து விறுவிறுத்து வந்தாள்.

"பஸ்ஸே வரலப்பா. இந்த லைசென்ஸ் மட்டும் கிடைச்சிருந்தா ஆஸ்பத்திரி காரையே எடுத்துட்டு வந்திருப்பேன்."

"ஏன், என்னாச்சு?"

"மூணு தடவை ஃபெயில். இனிமே வீட்டுக்குப் போற நர்ஸ் எல்லாம் தானே வண்டி ஓட்டணுமாம். மாசக் கடைசிக்குள்ள லைசென்ஸ் காட்டலன்னா திரும்ப வார்டுக்குப் போட்டுடுவாங்க. வார்டுன்னா ராத்திரி டூட்டி. எனக்கு நாலு வயசுல பொண்ணு. அவளை யாருகிட்ட விட்டுட்டுப் போறது, சொல்லுங்க."

"அப்படி என்ன தப்புப் பண்ணின?"

"அதைத்தானப்பா நானும் கேக்கறேன்! அங்க ஒரு அம்மா இருக்காங்க. ரோடு காலி, சிக்னல் பச்சை, நான் முப்பதுல போறேன். காலைப் போட்டு அமுக்கறாங்க. எதுக்கு மேடம்னா, நேராப் பாத்து ஓட்டுங்கன்றாங்க. அவங்க அமுக்கினா போச்சுன்னு எல்லாரும் சொல்லிட்டாங்க. இப்போ ரெண்டு மாசமா அவங்ககிட்ட யாருமே பாஸ் ஆகறதில்லையாம்."

சுவரில் என் மனைவியின் படம் மாட்டியிருந்தது. நல்லவேளை, இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய படம். நான் மெதுவாக நாற்காலியை நகர்த்தி அதற்கு முன்னால் உட்கார்ந்துகொண்டேன்.

தேர்வுத் தாள்கள் இருக்கின்றனவா என்று கேட்டேன். பையிலிருந்து மூன்றையும் எடுத்துக் கொடுத்தாள். மேலே இருந்த எல்லா வரிகளிலும் முழு மதிப்பெண். கடைசி வரியில் மட்டும், மூன்று தாளிலும் ஒரே வாசகம்: "பொதுக் கட்டுப்பாடு போதாது." என் மனைவியின் கையெழுத்துதான், ஆனால் அவள் எழுத்து இல்லை. காரணம் இல்லாமல் அவள் ஒருவரையும் தோற்கடித்ததில்லை. இது காரணம் கிடைக்காமல் எழுதின வரி. அந்தப் பெண் என் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்துவிட்டு, "என்னப்பா இன்னிக்கு கொஞ்சம் ஏறியிருக்கு" என்றாள்.

சாயங்காலம் என் மனைவி வந்ததும் டீயைக் கையில் கொடுத்துவிட்டு, பேச்சை எடுத்தேன்.

"இந்த ரெண்டு மாசத்துல எத்தனை பேரை பாஸ் போட்ட?"

"எதுக்கு?"

"சும்மா கேட்டேன்."

"நீங்க சும்மா எதையும் கேக்க மாட்டீங்க. எவனாவது சிபாரிசுக்கு வந்தானா?"

"சிபாரிசு இல்ல. கால் அமுங்குது சரி. காரணம் கிடைக்குதா உனக்கு?"

அவள் டீயை வைத்துவிட்டாள். "என் கால் இருபத்தஞ்சு வருஷமா பொய் சொன்னதில்ல."

"தான் பொய் சொல்றது தராசுக்கே தெரியாதும்மா. அது பாட்டுக்கு முள்ளைக் காட்டிட்டு இருக்கும்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். இரண்டு நாள் வீட்டில் பாத்திரங்கள்தான் பேசின. ஆனால் அந்த இரண்டு நாளில் நான் ஒன்றைக் கவனித்தேன். நான் தண்ணீர் குடிக்க எழுந்தால் அவள் கால் தரையை அமுக்கியது. மாடிப்படியில் ஏறினால் அமுக்கியது. குளியலறையில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் இருந்துவிட்டு வந்தால், கதவுக்கு எதிரே உட்கார்ந்து அமுக்கிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவளே வந்தாள். கோபம் இன்னும் முகத்தில் பாக்கி இருந்தது.

"ஒரு தராசு சரியா இருக்கான்னு எப்படிப் பாப்பீங்க?"

"முதல்ல தட்டுல எதுவும் வைக்க மாட்டேன். காலியா இருக்கும்போது முள்ளு பூஜ்யத்துல நிக்குதான்னு பாப்பேன். காலித் தட்டுக்கே எடை காட்டுச்சுன்னா, அப்புறம் என்ன வச்சு என்ன பிரயோஜனம்?"

"வாங்க" என்றாள்.

மோதின இடத்தைச் சரி செய்து கொண்டுவந்த வண்டி, அன்றுவரை வீட்டுக்குப் பக்கத்தில் உறை போட்டபடி நின்றுகொண்டிருந்தது. உறையை உருவினாள். "எஞ்சின் போடக்கூடாது. சாவி என்கிட்டயே இருக்கட்டும். நீங்க சும்மா உக்காருங்க." நான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். எதிரே வீட்டுச் சுவர். சுவர் எங்கேயும் போவதாக இல்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், ஒன்றும் இல்லை. எனக்குக் கொஞ்சம் சலிப்பாக இருந்தது. தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடினேன்.

பட்டென்று சத்தம் கேட்டது. அவள் கால் மிதியடியில் இருந்தது. நரம்பு புடைக்க அமுக்கிக்கொண்டிருந்தது.

இரண்டு பேரும் அந்தக் காலைப் பார்த்தோம்.

"நிமிருங்க" என்றாள். நிமிர்ந்தேன். "திரும்பச் சாயுங்க." சாய்ந்தேன். திரும்ப அமுங்கியது. "இன்னொரு தடவை." இப்படி ஆறு தடவை என்னைச் சாயவும் நிமிரவும் வைத்தாள். அவள் அலுவலகத்தில் எப்படி இருப்பாள் என்று அன்றுதான் நேரில் பார்த்தேன். கண்ணில் விரலை விட்டு ஆட்டுவாள் என்று ஊர் சொன்னது பொய்யில்லை. நாலாவது தடவைக்கு மேல் அவள் காலைப் பார்க்கவே இல்லை. ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு, யாரோ பக்கத்து அறையில் பேசுவதைக் கேட்கிறவள் போல இருந்தாள்.

"முதல்ல இங்க ஒரு பிடி பிடிக்குது" என்றாள் வயிற்றைக் காட்டி. "அப்புறம் தொண்டை. கால் கடைசியிலதான் வருது."

"முன்னாடி எப்படி?"

"முன்னாடி கால்தாங்க முதல்ல. எனக்கே தெரியாம போயிடும். வயிறு, தொண்டை ஒண்ணும் இருக்காது. அமுக்கினதுக்கு அப்புறம்தான் நானே திரும்பிப் பாப்பேன்." காலை மிதியடியிலிருந்து எடுத்தாள். "இது ரோட்டைப் பாத்து அமுக்கலீங்க. இது என்னோடது. என் பயம். ரெண்டு மாசமா என் பயத்துக்கு மார்க்கு போட்டு, ஊரான் வீட்டுப் பிள்ளைங்களை எல்லாம் ஃபெயில் பண்ணியிருக்கேன்."

பிறகு அழுதாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் அழுது நான் நான்கைந்து தடவைதான் பார்த்திருக்கிறேன்.

"அன்னிக்கு நான் அமுக்கினேங்க. எவ்வளவு அமுக்கினேன் தெரியுமா? நிக்கவே இல்ல."

"நின்னுச்சும்மா. நீதான் நிறுத்தின. நான் இங்க உக்காந்திருக்கேனே."

"அது கை நிறுத்தினது" என்றாள். "காலுக்கு அது இன்னும் தெரியல."

மருத்துவமனையில் நான் கண் விழித்தபோது "ஏன் இத்தனை நாள் செக்கப்புக்குப் போகல?" என்று சண்டை போட்டவள் இவள். தைரியசாலி, கல்லு மாதிரி இருக்கிறாள் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். என்னைத் தொலைத்துவிடுவோம் என்று இவ்வளவு பயந்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியவே இல்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கேயும் போகாத அந்த வண்டியில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

திங்கட்கிழமை காலை அவள் மேலதிகாரியிடம் கடிதம் கொடுத்தாள். வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்து தான் தோற்கடித்த முப்பத்தொரு பேருக்கும் மற்ற தேர்வாளர்கள் உடனே மறுதேர்வு நடத்த வேண்டும், அதுவரை தன்னைத் தேர்வு மைதானத்துக்கு அனுப்பக்கூடாது என்று. கடிதத்தோடு ஒரு படிவமும் உண்டு. அதில் காரணம் என்று ஒரு கட்டம். மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தாராம்.

"மேடம், இதுல 'வயிறு'ன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா சார்."

"உடம்பு சரியில்லன்னு மாத்திடலாமா?"

"உடம்பு சரியாத்தான் இருக்கு சார். அது ஒண்ணு சொல்லுச்சு, நான் வேறொண்ணுன்னு எடுத்துக்கிட்டேன். தப்பு என்னோடது. அப்படியே இருக்கட்டும்."

இதைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தவள் முகத்தில் ஒரு வாட்டமும் இல்லை. தப்பை ஒத்துக்கொள்வதிலும் அவளுக்கு அதே நிமிர்வுதான். மறுதேர்வில் முப்பத்தொரு பேரில் இருபத்திரண்டு பேர் தேறினார்கள். தேறாத ஒன்பது பேரின் தாளையும் வாங்கிப் படித்துவிட்டு, "இதுங்கள்ல கால் சரியாத்தான் சொல்லியிருக்கு. நான்தான் பிரிச்சுப் பாக்கல" என்றாள்.

நர்ஸ் தேறினவர்களில் ஒருத்தி, மாசக் கடைசிக்கு மூன்று நாள் முன்னால். நான் விஷயத்தைச் சொல்லியிருந்ததால், அடுத்த புதன்கிழமை என் மனைவி வேண்டுமென்றே விடுப்புப் போட்டு வீட்டில் இருந்தாள். வாசலில் கார் வந்து நின்றது. இவள்தான் கதவைத் திறந்தாள். அந்தப் பெண் பையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

"மேடம்... நீங்க எப்படி இங்க?"

"இது என் வீடும்மா. உள்ள வா. மூணு தடவை உன்னை ஃபெயில் போட்டது தப்பு. நீ நல்லாத்தான் ஓட்டியிருக்க. என்னை மன்னிச்சுக்க."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். எல்லாம் விளங்கிவிட்டது. "அப்பா, நீங்க சரியான ஆளுப்பா" என்று என்னை முறைத்தாள். அப்புறம் இவளிடம் திரும்பி, "மன்னிப்பெல்லாம் வேண்டாம் மேடம். வண்டியை ஒழுங்கா நிறுத்தியிருக்கேனான்னு மட்டும் வந்து பாத்துச் சொல்லுங்க" என்றாள். இவள் போய்ப் பார்த்துவிட்டு, பின்சக்கரம் ஓரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் வந்தாள்.

ஆனால் மைதானத்துக்கு அவள் திரும்பவில்லை. மேலதிகாரி இரண்டு முறை கூப்பிட்டார், மறுத்துவிட்டாள். கவுண்டரில் உட்கார்ந்து விண்ணப்பங்களில் முத்திரை குத்தினாள். "வயிறு எது கால் எதுன்னு பிரிக்கத் தெரியாம இனி ஒருத்தர் பக்கத்துலயும் உக்கார மாட்டேன். தெரியலன்னா ரிட்டயர் ஆகற வரைக்கும் இந்த முத்திரைதான்." முத்திரை குத்துகிற வேலையில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அவள் அதைச் செய்வதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. என்னால்தானே என்று இருந்தது.

அவள் சும்மாவும் இருக்கவில்லை. ஞாயிறு தோறும் நின்ற வண்டியில் என்னைச் சாயவைத்துப் பழகினாள். பேருந்தில் ஓட்டுநருக்குப் பின் இருக்கையைப் பிடித்து உட்கார்ந்து, எது முதலில் வருகிறது என்று கவனித்துக்கொண்டே போவாள். வயிறு பிடித்தால் அதை அடக்க மாட்டாளாம். "சரி, நீ வந்துட்டியா, உக்காரு" என்று அதற்கும் ஒரு இடம் கொடுத்துவிட்டு ரோட்டைப் பார்ப்பாளாம். கொஞ்ச நாளில் அது வருவது குறைந்தது.

ஆறு மாதம் முடிந்தது. மருத்துவர் கருவியைச் சோதித்துப் பார்த்துவிட்டு, இனி தாராளமாக ஓட்டலாம் என்றார். மறுநாள் காலை நான் சாவியைக் கேட்டேன். இவள் உள்ளே போய் ஒரு தேர்வுத் தாளையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இதெதுக்கு?"

"எதுக்குன்னா? ஆறு மாசம் கழிச்சு ஓட்டறீங்க. பெல்ட்டைப் போடுங்க."

கிளம்பினோம். நெஞ்சு சீராக அடித்தது. கருவிக்கு நன்றி. பிரதான சாலை, பாலம், சந்தை முனை, எல்லாம் நன்றாகவே போனது. ஆனால் எனக்கு ஒரே நினைப்புதான். கால் என்ன செய்கிறது? கண்ணாடி பார்க்கிற சாக்கில் ஒரு தடவை பார்த்தேன். சும்மா இருந்தது. கொஞ்ச தூரம் போய் இன்னொரு தடவை. சும்மாதான் இருந்தது. என் பக்கத்தில், நான் ஓட்டுகிற வண்டியில், அவள் பயம் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறாள். இன்னும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று நன்றாகக் குனிந்தே பார்த்தேன்.

என் கண்ணுக்கு முன்னால் கால் பாய்ந்து மிதியடியை அறைந்தது. நான் நிமிரும்போதே பிரேக்கை மிதித்துவிட்டேன். ஒரு தண்ணீர் லாரி ஏதோ வாசலிலிருந்து பின்பக்கமாக வெளியே வந்துகொண்டிருந்தது. அதற்கும் எங்களுக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது.

ஓரமாக நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினேன். குனிந்து காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து வினாடி. இத்தனை வருடத்தில் எத்தனை பேர் இந்தப் பத்து வினாடியைத் தாங்கியிருப்பார்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

"வயிறு?" என்று கேட்டேன்.

நிமிர்ந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. "வயிறு ஒண்ணுமே சொல்லலீங்க! கால்தான் முதல்ல போச்சு. லாரியை நான் பாக்கறதுக்கு முன்னாடியே போயிடுச்சு!" என்றாள். அட்டையை மடியில் வைத்து, பழைய கையெழுத்தில், பழைய அழுத்தத்தோடு எழுதினாள்: "சாலையைப் பார்க்காமல் தேர்வாளரின் காலைப் பார்த்து ஓட்டினார்." அதன் கீழே பெரிதாக ஒரு கோடு போட்டாள். தேறவில்லை.

"இறங்குங்க. நான் ஓட்டறேன்."

இறங்கி இடம் மாறி உட்கார்ந்தேன். வாழ்க்கையில் ஒரு தோல்வியை நான் இவ்வளவு ஆசையாக வாங்கிக்கொண்டதில்லை. அடுத்த நாள் அவள் முத்திரையைக் கவுண்டரிலேயே ஒப்படைத்துவிட்டு மைதானத்துக்குப் போய்விட்டாள். எனக்கு மறுதேர்வு பதினைந்து நாள் கழித்துத்தானாம். கட்டின புருஷனாக இருந்தாலும் விதி விதிதான் என்கிறாள்.